அத்தியாயம் 5: பலமும் சம்மதமும்

வல்லம் ஒன்றியத்து ஊர்களில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடந்தால், விஷயம் முதலில் போலீசுக்குப் போவதில்லை. மகளிர் குழுத் தலைவியிடம் வரும், அங்கன்வாடி டீச்சரிடம் வரும், வார்டு மெம்பரிடம் வரும். சில சமயம் நூறு நாள் வேலைத் தளத்தில் பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருக்கும் அக்காவிடம் வரும். அந்த முதல் ஆள் என்ன கேட்கிறார், காகிதத்தில் என்ன எழுதுகிறார் என்பதில் பாதி வழக்கு தங்கியிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த முதல் ஆளுக்கானது.

நம் ஊரில் வழக்கமாக எழும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். "ஏன் கத்தல?" "ஓடி வந்திருக்கலாமே?" "உடம்புல காயம் எதாவது இருக்கா?" மூன்று கேள்வியும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: ஆண் பலம் காட்டியிருக்க வேண்டும், பெண் எதிர்த்துப் போராடியிருக்க வேண்டும், அப்போதுதான் குற்றம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் கேட்பது ஒன்றுதான்: அவள் சம்மதித்தாளா?

சட்டத்தில் இருப்பது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 375ஆம் பிரிவு இப்போது 63ஆம் பிரிவு. எண் மாறியது, உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. எந்தெந்தச் சூழ்நிலையில் நடக்கும் உறவு வன்புணர்ச்சி ஆகும் என்று அந்தப் பிரிவு ஏழு சூழ்நிலைகளைச் சொல்கிறது. அவள் விருப்பத்துக்கு மாறாக நடப்பது முதலாவது. அவள் சம்மதம் இல்லாமல் நடப்பது இரண்டாவது. தூக்கத்தில் இருந்தவளுக்கு நடந்தால் அவள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியாது, ஆனால் சம்மதமும் இல்லை, ஆகவே குற்றம். மூன்றாவது, அவளுக்கோ அவள் அக்கறை வைத்திருக்கும் வேறு ஒருவருக்கோ உயிர்ப் பயமோ அடி உதைப் பயமோ காட்டி வாங்கிய சம்மதம். தன் கணவன் என்று அவள் நம்பியதைப் பயன்படுத்திக்கொண்டவன், மனநிலை சரியில்லாத நிலையிலோ போதையிலோ மயக்கத்திலோ நடப்பது என்னவென்று விளங்காமல் அவள் தலையாட்டியதைப் பயன்படுத்திக்கொண்டவன், இவர்களும் குற்றவாளிகளே. பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியாக, சம்மதத்தைத் தெரிவிக்க முடியாத நிலையில் இருப்பவள்.

இந்த ஏழையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அடித்திருக்க வேண்டும், கட்டிப்போட்டிருக்க வேண்டும், துணி கிழிந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பலப் பிரயோகம் நடந்திருந்தால் அது சம்மதம் இல்லை என்பதற்குச் சாட்சி. நடக்கவில்லை என்பதால் சம்மதம் இருந்தது என்று ஆகிவிடாது.

சம்மதம் என்றால் என்ன என்பதையும் அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தனக்கு விருப்பம் என்று பெண் சந்தேகத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிப்பதே சம்மதம். 'அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு' என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் ஏறி வந்தது, போனில் சிரித்துப் பேசியது, முன்பு ஒருமுறை இணங்கியது, இவை எதுவும் இன்றைய செயலுக்கான சம்மதம் ஆகாது. இதற்கு அடுத்து வருகிற வாக்கியம்தான் இந்தச் சட்டத்திலேயே மிக முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்தாள் என்று கருதக் கூடாது.

அந்த வரி எப்படி வந்தது

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில், இன்றைய கட்சிரோலி மாவட்டப் பகுதியில் உள்ள தேசாய்கஞ்ச் காவல் நிலையம். அண்ணன் கொடுத்த புகார் ஒன்றின் விசாரணைக்காக ஒரு பழங்குடிச் சிறுமி அங்கே அழைக்கப்பட்டாள். குடும்பத்தார் வெளியே காத்திருக்க, நிலையத்துக்குள் இரண்டு காவலர்கள் அவளுக்குக் கொடுமை செய்தார்கள். அமர்வு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்துவிட்டது. அவள் உடலில் காயம் இல்லை, எதிர்ப்புக்கான அடையாளம் இல்லை என்பது தீர்ப்பின் முக்கியமான காரணம். காவல் நிலையத்துக்குள், சீருடை போட்ட இருவர் முன்னால், ஒரு ஏழைச் சிறுமி எதைக் கொண்டு எதிர்ப்பாள்? உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இதைத்தான் கேட்டது. பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு என்பது அவர்கள் வாதம். நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் அது தனிக் கடுங்குற்றம் ஆனது. அப்படிப்பட்ட வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. சம்மதத்தின் விளக்கம் இன்றைய வடிவத்தில் வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்த ஆண்டே சட்டம் மாறியது.

இது எங்கோ மகாராஷ்டிரத்தில் நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 2001இல் நம் செஞ்சி கிளைச் சிறையில், ரிமாண்டில் வைக்கப்பட்டிருந்த ஒரு இளம்பெண் சிறைக் காவலர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்து வழக்கானது. அவள் மீது என்ன வழக்கு, அவள் எப்படிப்பட்டவள் என்ற பேச்சுத்தான் அப்போது ஊரில் அதிகம் அடிபட்டது. சட்டத்துக்கு அந்தப் பேச்சு தேவையே இல்லை. பாரதிய சாட்சிய அதினியத்தின் 48ஆம் பிரிவு, சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு பெண்ணின் நடத்தையோ அவளுடைய முந்தைய பாலியல் அனுபவமோ சம்பந்தமில்லாதது என்கிறது. குறுக்கு விசாரணையில்கூட அதைக் கேட்கக் கூடாது.

அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்த இன்னொரு கொடுமை: தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் சோதனை என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த குற்றவாளிகள் அத்தனை பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றாமல் நின்றார்கள்.

அதிகாரம் கையில் இருப்பவன்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 64ஆம் பிரிவின் இரண்டாவது பகுதி, அதிகாரம் கையில் உள்ளவர் செய்யும் வன்புணர்ச்சியைத் தனியாகப் பார்க்கிறது. போலீஸ், அரசு ஊழியர், சிறை மற்றும் விடுதி நிர்வாகி, மருத்துவமனை ஊழியர், உறவினர், ஆசிரியர் என்று பட்டியல் போகிறது. அதில் நம் பகுதிக்கு மிகவும் வேண்டியது, பெண்ணின் மீது கட்டுப்பாடோ ஆதிக்கமோ உள்ள நிலையில் இருப்பவன் என்ற வகை. மேலே சொன்ன 'சம்மதம் இல்லை என்றே கொள்ள வேண்டும்' என்ற விதி, இப்போது சாட்சிய அதினியத்தின் 120ஆம் பிரிவாக, இந்தப் பட்டியல் முழுமைக்கும் பொருந்தும்.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு இருளர் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையில் தங்கி வேலை செய்கிறது. கணவன் மண் ஏற்றப் போயிருக்கும் நேரத்தில் மேஸ்திரி குடிசைக்கு வருகிறான். "கம்முனு இருந்தா உனக்கு நல்லது. இல்லன்னா உன் புருஷன் முதுகுத் தோல உரிச்சிடுவேன்" என்கிறான். அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். காயம் இல்லை, சத்தம் இல்லை, துணியும் கிழியவில்லை. சட்டப்படி பாருங்கள்: கணவனுக்கு அடி விழும் என்ற பயம் 63ஆம் பிரிவின் மூன்றாவது சூழ்நிலை. மேஸ்திரி அவள் மீது ஆதிக்கம் உள்ளவன், ஆகவே 64(2). அவள் நீதிமன்றத்தில் 'சம்மதிக்கவில்லை' என்று சொன்னால், சம்மதம் இருந்தது என்று காட்ட வேண்டிய சுமை அவன் தலையில். இருளர் பழங்குடியினர் என்பதால், அவன் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவன் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அந்தச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பாலியல் நோக்கத்தோடு சம்மதமில்லாமல் தொடுவதையே குற்றமாக்கி, சம்மதத்துக்கு இதே விளக்கத்தைத் தந்து, ஒரு படி மேலேயும் போகிறது: அதே ஆளோடு முன்பு உறவு இருந்திருந்தாலும் அது சம்மதத்தைக் காட்டாது. முன்பணத்தைச் சொல்லிக் குடும்பத்தைப் பிடித்து வைத்திருந்தது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி தனிக் குற்றம். ஒன்றுமே இல்லாதது போல வெளியே தெரிகிற ஒரு வழக்கில் இத்தனை சட்டப் பிரிவுகள் இருக்கின்றன.

பயம் என்பதும் உடம்புக்கு வரும் பயம் மட்டுமல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவுப்படி தீங்கு வரும் என்ற பயத்தில் தரும் சம்மதம், அந்தப் பயம் எதிராளிக்குத் தெரிந்திருந்தால், சம்மதமே இல்லை. தீங்கு என்றால் உடல், மனம், பெயர், சொத்து எதற்கு வந்தாலும் தீங்குதான் என்று சட்டமே விளக்குகிறது. வீடியோவைக் காட்டி மிரட்டுவது இதில் நேராக வரும். பொள்ளாச்சி வழக்கில் நட்பாகப் பேசி அழைத்துப் போய், படம் எடுத்து, அதை வைத்து மிரட்டியவர்கள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

தொட்டால் மட்டும் என்ன?

வன்புணர்ச்சியில் பலம் என்ற சொல் தேவைப்படவில்லை என்றேன். 74ஆம் பிரிவில், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் தாக்குதலில், 'குற்றமுறு பலம்' என்ற சொல் வருகிறது. இதைப் பார்த்து அடிதடி என்று நினைத்துவிடாதீர்கள். 129ஆம் பிரிவின்படி, சம்மதம் இல்லாமல், பயமுறுத்தவோ தொந்தரவு செய்யவோ நினைத்து ஒருவர் மீது பலத்தைச் செலுத்தினாலே போதும். பெண்ணின் முகத்திரையை அவள் சம்மதமில்லாமல் விலக்குவதைச் சட்டமே உதாரணமாகத் தருகிறது. ஷேர் ஆட்டோவில் உரசுவது, ரேஷன் கடை வரிசையில் இடுப்பைத் தொடுவது எல்லாம் இதற்குள் வரும். தண்டனை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. இது எளியவர்களுக்கு மட்டுமான சட்டமும் அல்ல. 2021இல் சிறப்பு டி.ஜி.பி. பதவியில் இருந்தவர் மீது ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கொடுத்த பாலியல் தொந்தரவுப் புகாரில், 2023 ஜூனில் மூன்றாண்டு தண்டனை கொடுத்தது நம் விழுப்புரம் நீதிமன்றம்தான்.

கல்யாண வாக்கு, பதினெட்டு வயது, கணவன்

நம் பக்கம் வரும் புகார்களில் 'கட்டிக்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டான்' என்பது நிறைய. இதில் நீதிமன்றம் ஒன்றைத்தான் தேடும்: வாக்குக் கொடுத்த நாளிலேயே அவனுக்குக் கட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லையா, அல்லது எண்ணம் இருந்து பிறகு வீட்டு எதிர்ப்பாலோ வேறு காரணத்தாலோ மாறினானா? முதலாவது குற்றம், இரண்டாவது பெரும்பாலும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013லும் 2019லும் விளக்கியிருக்கிறது. புதிய சட்டத்தில் 69ஆம் பிரிவு இதைத் தனிக் குற்றமாக்கி, பத்தாண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. ஆகவே புகாரில் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுதுங்கள். அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்ததா, வேறு இடத்தில் நிச்சயம் செய்துகொண்டே பழகினானா, பெயரையோ வேலையையோ மாற்றிச் சொன்னானா?

பதினெட்டு வயதுக்குக் கீழே போக்சோ சட்டம் பேசும். கோயிலில் தாலி கட்டிவிட்டோம் என்பது பதில் ஆகாது. கணவனே ஆனாலும் மனைவிக்குப் பதினெட்டு ஆகாவிட்டால் குற்றம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் போக்சோவில் குற்றம். தலைமை ஆசிரியர், விடுதிக் காப்பாளர் இதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு பக்கமும் உண்டு. பதினேழு வயதுப் பெண் விரும்பிப் போனதை, பையன் வேறு சாதி என்பதற்காகவே போக்சோவாக்கும் பெற்றோரை நாம் பார்க்கிறோம். பெண் விரும்பிப் போன ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ரத்து செய்தது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியது நீதிமன்றம். பஞ்சாயத்து எடுக்கக் கூடாது.

மனைவிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால், கணவன் செய்வதை 63ஆம் பிரிவு வன்புணர்ச்சி என்று ஏற்கவில்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் 67ஆம் பிரிவில் தண்டனை உண்டு. சேர்ந்து வாழ்பவளுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலுக்குப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

புகாரை எப்படி எழுதுவது

இங்கேதான் நல்ல மனசுள்ளவர்களே வழக்கைக் கெடுக்கிறார்கள். மனு எழுதித் தருபவர், படித்த தம்பி, சங்கத்துக்காரர் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: 'நான் கூச்சலிட்டுப் போராடினேன், அவன் என் வாயைப் பொத்தி, கைகளை முறுக்கி, ஆடைகளைக் கிழித்து...' வழக்கு பலமாக நிற்கும் என்ற எண்ணம். ஓராண்டு கழித்துக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதா? கிழிந்த துணி எங்கே? கை முறுக்கியது மருத்துவ அறிக்கையில் ஏன் இல்லை? நடந்ததை மட்டும் சொல்லியிருந்தால் நின்றிருக்கும் வழக்கு, நடக்காத போராட்டத்தைச் சேர்த்ததால் விழும். சட்டம் கேட்காத ஒன்றைப் பொய்யாகச் சேர்த்து நாமே அவளைப் பொய்க்காரி ஆக்குகிறோம்.

அவள் சொல்வதை அவள் சொல்லிலேயே எழுதுங்கள். 'கதவச் சாத்தினான். எனக்குக் கை கால் ஓடல. கம்முனு கெடந்தேன். அழுதேன்.' இது போதும். இதில் சம்மதம் இல்லை என்பது முழுமையாக இருக்கிறது. அவன் என்ன சொன்னான், அவனைப் பார்த்து ஏன் பயம், வேலையா, கடனா, சாதியா, பதவியா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். பயத்தின் காரணம்தான் வழக்கின் முதுகெலும்பு. புகார் கொடுக்கத் தாமதமானால் தாமதத்தின் காரணத்தையும் உள்ளபடி எழுதுங்கள். 'ஊர்ல மானம் போயிடும்னு பயந்தேன்' என்பது நீதிமன்றங்கள் ஏற்கும் காரணம். முன்பு அவனோடு பழக்கம் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது வெளிவந்தால்தான் கேடு.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். செஞ்சியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை உண்டு. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பிவிட்டு, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

துணியைத் துவைக்க வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதப் பையில் வையுங்கள். போலீசுக்குத் தகவல் போன 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவும் அவள் சம்மதித்தால் மட்டும். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி தர வேண்டும். இரு விரல் பரிசோதனை கூடாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலிலும், உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரிலும் தெளிவாகச் சொல்லிவிட்டன. பிறகு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். விசாரணையைப் போலீஸ் இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும்.

சமரசம் பேச வருபவர்கள்

வருவார்கள். பணம் தருகிறோம், கட்டி வைக்கிறோம் என்பார்கள். வன்புணர்ச்சி வழக்கில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2015 ஜூனில், ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஒருவரை, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வசதியாகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜாமீனில் விட்டார். இத்தகைய சமரசம் பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதும், ஜூலையில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றமே செய்ய முடியாததை ஊர்ப் பெரியவர்கள் செய்ய முடியாது.

அவள் பெயரை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், நியாயம் கேட்பதற்காகக்கூட. 72ஆம் பிரிவுப்படி அது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயர் இல்லாமல் ஊரும் தெருவும் அப்பா பெயரும் போட்டாலும் அடையாளம்தான். பொள்ளாச்சி வழக்கில் அரசுத் தரப்பிலேயே அடையாளம் வெளியானதற்காக இருபத்தைந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. அவசரத்துக்கு 112. இலவச வக்கீலுக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் 15100, அல்லது விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இந்த நான்கு எண்களையும் உங்கள் குழுவின் தீர்மான நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாராவது ஒருத்தி உங்கள் வாசலுக்கு வரும்போது, 'ஏன் கத்தல?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.